உரிக்காத பட்டை

செங்கோட்டைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் அன்றைக்குப் பூரணத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. பின்னே என்ன? கர்ப்பப்பைக் கட்டியோடு வந்த பேச்சித்தாய்க்கு, பூரணம் காய்ச்சிக் கொடுத்த அசோகப்பட்டைக் கஷாயத்தில் உதிரப்போக்கு நின்றுவிட்டது. கட்டியும் சுருங்கிவிட்டதாக ஸ்கேன் சொன்னது. "கத்தி படாம காப்பாத்திட்டியே தாயி" என்று பேச்சித்தாய் கட்டிக்கொண்டு அழுதாள்.

பூரணத்துக்கு ஐம்பது வயது. அவளுக்கு வைத்தியம் சொல்லித்தரும் தாட்சாயணி பத்து வயது இளையவள். இருந்தாலும் குரு குருதானே!

அந்தச் சூட்டோடு சூடாக வந்து சேர்ந்தாள் சுடலைவடிவு. அவளுக்கும் கட்டிதான், நிற்காத உதிரப்போக்குதான். "ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையை எடுக்கணும்ங்காவ. எனக்குக் கத்தின்னா பயம். நீங்கதான் கதி" என்றாள்.

"நான் இருக்கேன்லா! உன் மேல கத்தி படாது" என்று பூரணம் மார்தட்டி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

தாட்சாயணி வந்து சுடலைவடிவின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வயிற்றைத் தொட்டாள், நாடி பிடித்தாள். வெளியே வந்து முதல் வேலையாக ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

"இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லைன்னா உசுருக்கே மோசம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கா, உங்க வாக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க போய்ச் சொல்லுங்கக்கா."

பூரணத்துக்கு முகம் செத்துவிட்டது.

"நம்ம மருந்தால முடியாதுன்னு என் வாயால சொல்லணுமா வைத்தியரம்மா? நாளைக்கு ஊருக்குள்ள எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?"

தாட்சாயணி வாதாடவில்லை. பட்டை உரிக்கும் கத்தியை எடுத்து நீட்டினாள்.

"ஆட்டோ வாரதுக்குள்ள நம்ம அசோக மரத்துல ஒரு கை பட்டை கொண்டாங்க."

மரம் கொல்லையில்தான் நின்றது. பூரணம் போன வேகத்திலேயே வெறும் கத்தியோடு திரும்பினாள்.

"பட்டை எங்கே?"

"என்ன கேள்வி கேக்கீங்க? ஒரு பக்கம் உரிச்ச புண்ணே இன்னும் ஆறல. இனி சுத்திக் கத்தி வச்சா மரம் செத்துப்போகும்."

"நம்பி வந்தவகிட்ட மருந்து இல்லைன்னு சொல்ல வெக்கமா இல்லையா?"

"எதுக்கு வெக்கப்படணும்?" பூரணத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "எந்த இடத்துல நிறுத்தணும்னு தெரிஞ்ச வைத்தியசாலை இது. இல்லைன்னா இல்லைதான். உசுரு நிக்கணும்லா!"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தாட்சாயணி கத்தியை வாங்கி மாடத்தில் வைத்தாள்.

"இதே குரல்ல, இதே மாதிரி தலையை நிமித்திக்கிட்டு, உள்ள இருக்கவகிட்டயும் சொல்லுங்கக்கா."