ஷாஜினி வீட்டில் கேட்ட கேள்வி

"எனக்கு நல்ல பிள்ளைங்க வந்து சேரல, மாஸ்டர்."

வந்ததும் வராததுமாக வினோலியா இதைத்தான் சொன்னாள். ஒரு சின்னக் கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச். வயது நாற்பதை நெருங்குகிறது. அவளுக்குப் பந்து பழக்கியவர் ததேயு மாஸ்டர். ஒரு காலத்தில் பல்கலைக்கழகக் கோப்பை அவர் கல்லூரியை விட்டு வெளியே போனதே இல்லை.

"வருசா வருசம் பெரிய காலேஜ்காரங்ககிட்டத் தோக்கிறேன். இந்த வாட்டியும் தோத்தா டீமையே கலைச்சிருவாங்க. பயிற்சியில என்ன மாத்தணும், சொல்லுங்க."

"பயிற்சி நல்லாத்தான் இருக்கு. பாத்தேன்."

"அப்புறம்?"

"நல்ல பிள்ளைங்களச் சேர்க்கணும்."

"அவங்கதான் வரலியே."

"வரலன்னா தோப்பே."

வினோலியாவுக்குச் சுருக்கென்றது. இதைக் கேட்கவா இரண்டு பஸ் மாறி வந்தாள்?

மாஸ்டர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"வா. ஒரு வீட்டுக்குப் போவோம்."

போனது கடற்கரைத் தெருவில் ஷாஜினி வீட்டுக்கு. ஷாஜினி கோல்கீப்பர். இப்போதுதான் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அந்த மாவட்டத்தில் அவள் பெயர் தெரியாத கோச் கிடையாது.

அம்மா மெட்டில்டா நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அவள் மட்டும் உட்காரவில்லை.

"நேத்து பெரிய காலேஜ்ல இருந்து வந்தாங்க, டீச்சர். ஹாஸ்டல் தாரோம், சாப்பாடு தாரோம்னாங்க. நான் ஒண்ணுதான் கேட்டேன். எனக்க பிள்ளைக்குக் கால் முட்டு ஒடிஞ்சு ஆட முடியாமப் போச்சுன்னா படிப்பு என்னாவும்?"

"என்ன சொன்னாங்க?"

"அப்படியெல்லாம் ஆகாதுன்னு சிரிச்சாரு அந்த சாரு." மெட்டில்டா சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுங்க."

வினோலியா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் அவளுக்குத் தெரியும். அவள் கல்லூரியிலும் அதே விதிதான். விளையாடும் வரைக்கும்தான் படிக்கச் சீட்டு. 'நான் பாத்துக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை வந்துவிடும். கோப்பையும் வந்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

உள்வாசலில் நின்ற ஷாஜினி, பெனால்டிக்குக் காத்து நிற்பவளைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுற வரைக்கும்தான்," என்றாள் வினோலியா. "ஆட முடியலன்னா சீட்டு போயிரும்."



"நேராச் சொல்லிட்டீங்க," என்றாள் மெட்டில்டா. "ஆனா அனுப்ப மாட்டேன், டீச்சர்."

தெருவுக்கு வந்ததும் வினோலியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு பொய் சொல்லியிருந்தா அவ எங்கிட்ட வந்திருப்பா. நீங்களாவது வாயைத் திறந்திருக்கலாம்."

"என்ன சொல்ல?"

"உங்க காலத்துல இதே கேள்விக்கு என்ன சொன்னீங்க?"

"முட்டு போனாலும் படிக்க வைப்போம்னு சொன்னேன்."

"அதுக்குக் காலேஜ்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"முதல்ல ஒத்துக்கல."

"அப்போ?"

"ஒத்துக்கிற வரைக்கும் நான் யார் வீட்டுக்கும் போகல."

மாஸ்டர் முன்னால் நடந்தார். வினோலியா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு போனை எடுத்துக் கல்லூரி முதல்வரைக் கூப்பிட்டாள்.

"சார், அடிபட்டு ஆட முடியாமப் போனாலும் பிள்ளைங்களுக்குச் சீட்டு இருக்கணும். எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் புதுசா ஒருத்தரையும் நான் சேர்க்க மாட்டேன்."

"வினோலியா, டீமைக் கலைக்கலாமான்னே நிர்வாகத்துல பேசிட்டிருக்காங்க. இந்த நேரத்துல இதைக் கொண்டுபோய் நீட்டினா, டீமோட உங்க வேலையும் போயிரும்."

"தெரியும், சார்."

"யாரோ ஒரு நல்ல கோல்கீப்பரைப் பாத்துட்டீங்க. அந்த ஒரு பிள்ளைக்காகவா இவ்வளவும்?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்ல வரவில்லை. காலையில் மைதானத்தில் அவள் ஓடவிட்டு வந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். போன வாரம் கணுக்கால் பிசகியதை மறைத்துக்கொண்டு ஓடிய ரெஜினாவும் வந்தாள். ஏன் மறைத்தாள் என்பது வினோலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல, சார்," என்றாள். "ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கிற பிள்ளைங்களுக்காக."