பெயரை விட்டுப் போன மார்க்

மூன்றாவது வருடமாக, முதலாமாண்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் புரோகிராமிங்கின் முதல் பாடமாக, கோமதி கரும்பலகையில் அதையே எழுதினாள். கிளாஸ், ஆப்ஜெக்ட். கீழே தமிழில்: வகுப்பு, பொருள். எழுதும்போதே கை வலித்தது.

மணி அடித்ததும் இசக்கியம்மாள் ஒரு தாளை நீட்டினாள். படிப்பை விடப்போகிறாளாம், டி.சி. வேண்டுமாம்.

"ஏன்மா?"

"வகுப்புன்னா அச்சு, பொருள்னா அதுல வார்த்ததுன்னு மனப்பாடம் பண்ணிட்டேன் மேடம். பொருளுக்குத்தான் பொருள் தெரியல. எனக்கு இது ஏறாது."

கோமதி தாளோடு கம்ப்யூட்டர் லேபுக்குப் போனாள். ஒருகாலத்தில் கோமதிக்கே பாடம் சொன்ன எஸ்தர் மேடம் அங்கே ஆறிப்போன எலுமிச்சை சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஆப்ஜெக்டை எப்போதான் ஆரம்பிக்கணும் மேடம்? முதல் நாளேன்னு ஒரு கட்சி, அடுத்த வருஷம்னு ஒரு கட்சி. ரெண்டுக்கும் நடுவுல பிள்ளைங்க ஓடுறாங்க!"

"நீ சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாதீங்க."

எஸ்தர் தாளை வாங்கிப் படித்தார். "பத்து நாள் இவளை என்கிட்ட விடு."

ஒன்பது நாள் எஸ்தர் ஆப்ஜெக்ட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. கூட்டல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் லூப், பட்டியல். அவ்வளவுதான்.

கோமதிக்குப் பொறுக்கவில்லை. "பாடத்திட்டத்துல இருக்கிறதைச் சொல்லலைன்னா என்னை வெளியே தள்ளிருவாங்க."

"தள்ளட்டும். நிம்மதியா தூங்கு."

பத்தாம் நாள் எஸ்தர் இரண்டு பட்டியல் கொடுத்தார். ஒன்றில் வகுப்பின் அறுபது பெயர்கள். இன்னொன்றில், அதே வரிசையில், பிளஸ் டூ தமிழ் மார்க்குகள்.

"அதிக மார்க் மேலே வரணும். செய்."

இசக்கியம்மாள் முக்கால் மணி நேரம் தட்டினாள். மார்க்குகள் அழகாக வரிசைக்கு வந்தன. பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"ஐயோ! தொண்ணூத்தேழு என் மார்க்! அந்தோணிசாமி பேர்கிட்ட போய் உக்காந்திருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் எஸ்தர்.

"எப்படி மேடம் இருக்கும்? அவன் பேரையே அவன் தப்பா எழுதுவான்! மார்க் நகர்ந்தா பேரும் கூடவே நகர வேணாமா?" மேசையில் தட்டினாள். "ஒரு ஆளோட பேரு, மார்க்கு எல்லாத்தையும் ஒண்ணா முடிஞ்சு வைக்க இதுல வழியே கிடையாதா?"

அதுதான் ஆப்ஜெக்ட் என்று சொல்ல, வாசலில் நின்ற கோமதிக்கு வாய் துறுதுறுத்தது. வெளியே காலேஜ் பஸ் ஹாரன் அடித்தது. இசக்கியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்," கோமதி கிசுகிசுத்தாள், "இப்போ சொல்லலாமா?"

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னை ஏன் கேக்குற? வழி கேட்டது அவ."