சம்கி வந்த வழி

கோணப்பட்டியில் மூளையை யாரும் வீணாகச் செலவழிப்பதில்லை. அந்த ஊர் சன்னாசிக்குத் தலை நரைக்கும் நேரத்தில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பெண் வேலாத்தா ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

"கல்யாண ரவிக்கையிலே சம்கி வைக்கணும். இல்லேன்னா ஆளை விடுங்க."

சம்கி என்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வழியில் போன வளையல்காரரைச் சன்னாசி மடக்கிக் கேட்டான்.

"துணியிலே மினுமினுன்னு வச்சுத் தைப்பாங்களே, அதாம்ப்பா. மினுங்கறதுன்னு அர்த்தம். வடக்கேயிருந்து வந்தது" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

ஊர் கூடியது. "ஒருதடவை வந்தது மறுபடியும் வராமலா போயிடும்?" என்றார் நாட்டாமை. கட்டுச்சோற்றோடு எல்லோரும் வடக்கு எல்லையில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் ஓர் எருமை வந்தது.

"இதுதானா?"

"மினுங்கலையே."

"எண்ணெய் தடவிப் பார்ப்போம்."

தடவினார்கள், மினுங்கியது. ஆனால் ரவிக்கையில் வைத்துத் தைக்க எருமை ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து ஒரு மீன்காரி வந்தாள். கூடையில் கெண்டைகள் பளபளத்தன. சன்னாசி சந்தோஷத்தில் அழுதேவிட்டான். செதில்களைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே தைத்தான்.

முகூர்த்தத்தன்று ரவிக்கை ஜொலித்தது. வேலாத்தா மணவறையில் உட்கார்ந்ததுதான் தாமதம், ஊர்ப்பூனைகள் அத்தனையும் அவள் மேலே ஏறிவிட்டன.

"இதுங்களை விரட்டுங்க, இல்லே நான் எங்க ஊருக்கே போறேன்!"

சன்னாசிக்கு உயிரே போனது. நாட்டாமைதான் கைகொடுத்தார். "பூனைக்குத் தண்ணி ஆகாது. கல்யாணத்தைக் குளத்திலே வச்சுக்குவோம்."

மேளத்தோடு எல்லோரும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார்கள். நாட்டாமை மனைவி மட்டும் சளி பிடிக்கும் என்று கரையிலேயே நின்றுவிட்டாள். இப்போது வேலாத்தா மூக்கைச் சிந்தினாள்.

"இப்ப என் சம்கி யார் கண்ணுக்குத் தெரியுது?"

நியாயம்தானே! சம்கி பார்க்க மொத்தச் சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கியது. தானும் பார்க்க வேண்டுமென்று வேலாத்தாவும் முங்கினாள். உள்ளே கெட்டிமேளம் குபுகுபுவென்று கேட்டது. நல்ல நேரம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில், கலங்கிய தண்ணீரில் கைக்கு அகப்பட்ட கழுத்தில் சன்னாசி மூன்று முடிச்சும் போட்டான்.

எழுந்து பார்த்தால், தாலி நாட்டாமை கழுத்தில்!

"அவிழ்த்துடலாமாங்க?" என்றான் சன்னாசி.

"முடிச்சு விழுந்தப்புறம் அவிழ்க்கிறதா? இதென்ன விளையாட்டா?" என்று சீறினார் நாட்டாமை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரையில் நின்ற மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"போயிட்டு வரேன். ஆடி பொறந்ததும் மறக்காம வந்து அழைச்சுக்கிட்டுப் போ."