போகிற மணல்

தேசம்மாள் கடலோரம் குந்தி மத்தி மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எட்டியப்பன் வந்து நின்றார். வயதில் அவளைவிட மூத்தவர்தான். ஆனாலும் மனசுக்குள் ஒரு முடிச்சு விழுந்தால் அவளிடம்தான் வருவார். அவளைக் குரு என்று வாய்விட்டே சொல்லுவார்.

அன்றைக்கு அவர் முகமே சரியில்லை.

“தாயி, கடலுக்கு ஓரவஞ்சனை உண்டா?”

“ஏன்ணே?”

“என் வீட்டு முன்னாடி மணல் மேடு கட்டுது. வடக்கால அடுத்த வீடு என் தங்கச்சி காசியம்மாது. அவ வாசலை அலை அரிக்குது. நாளைக்குக் கூரையைப் பிரிச்சுக்கிட்டு ஊரைவிட்டே போறாளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.”

தேசம்மாளின் கை நிற்கவில்லை. “ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?”

“அண்ணன் வாசல்ல சடுகுடு ஆடலாம், தங்கச்சி வாசல்ல வலை வீசலாம்னு சிரிக்கிறானுங்க.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“ரெண்டு வீட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?”

“நான் போட்ட கல்லு. வண்டி வண்டியா அடிச்சு, கரையிலேர்ந்து தண்ணிக்குள்ள வரைக்கும் அடுக்கினேன். என் வீட்டைக் காப்பாத்த வேணாமா?”

தேசம்மாள் மீன் தட்டைக் காலி செய்து, அலை வந்து போகிற ஈர மணலில், அவர் கல் வரிசை மாதிரியே கடலை நோக்கி நீளும்படி, செங்குத்தாகக் குத்தி நிறுத்தினாள்.

“பாருங்க.”

தெற்கே இருந்து சாய்வாக ஓர் அலை ஏறியது. பிறகு இன்னொன்று. எட்டியப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டுக்குத் தெற்கே மணல் ஒட்டி ஒட்டி ஏறியது. வடக்கே குழி பறிந்தது. குழி ஆழமாக ஆழமாக அவர் இன்னும் குனிந்து பார்த்தார்.

“அது என் மணல்னுல்ல நெனச்சேன்” என்றார் கடைசியில்.

“மலையா இருந்ததுண்ணே அது. ஆறு கரைச்சுக் கொண்டாந்து கடல்ல விட்டுச்சு. கடல் அதை எடுத்துக்கிட்டுக் கரையோரமா வீடு வீடாப் போகுது. பந்தியில பரிமாறுறவன் வாளியை நீங்க பிடிச்சுக்கிட்டா, அடுத்த இலைக்குச் சோறு எங்கேர்ந்து வரும்?”

“கல்லை எடுத்தா என் மேடு கரையுமே?”

“கரையும்.”

“அப்புறம்?”

“தெக்கேர்ந்து வேற மணல் வரும். வாடைக்காத்துல வடக்கேர்ந்தும் கொஞ்சம் வரும். வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்கிறதுக்குப் பேருதானே கரை.”

எட்டியப்பன் வடக்கே திரும்பிப் பார்த்தார். காசியம்மா வீட்டுக் கூரைமேல் யாரோ ஏறிக் கயிறு அவிழ்ப்பது தெரிந்தது. சட்டென்று எழுந்தார்.

“உங்க வீட்டுல கடப்பாரை இருக்கா?”

“கதவுக்குப் பின்னாடி சாத்தியிருக்கு. எடுத்துக்கங்க.”

இரண்டடி போனவர் நின்றார்.

“கல்லை எடுத்தாச்சுன்னே வச்சுக்க. போன வாசல் அவளுக்குத் திரும்புமா, தாயி?”

“தேசம்மா!” வீட்டிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். “புள்ளை எழுந்து அழுவுது, வா!”

தேசம்மாள் மீன் கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே சொன்னாள்:

“அந்தத் தட்டைப் பிடுங்குங்கண்ணே. பிடுங்கிட்டு, ரெண்டு அலை பொறுத்து, வடக்கால இருக்கிற குழியைப் பாருங்க, மணல் வந்து தூர்ந்துக்கிட்டு இருக்கும்.”