பின்கதவுக் கண்ணாடி

பாறைக்காட்டு மடத்தில் கண்டிப்பான விதி என்று ஒன்றுதான் இருந்தது. உச்சிவேளை தொடங்கி நாலு மணி வரை மடத்துத் தலைவியான அம்மை மௌனத்தில் இருப்பார். அந்த நேரத்தில் அவர் கதவை யாரும் தட்டக்கூடாது.

குழந்தைவேலு மடத்துக்கு வந்த புதிதில் அம்மை இதை அவரிடம் ஒருமுறை சொன்னார். பிறகு சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் குழந்தைவேலு பார்த்துக்கொண்டார்.

குழந்தைவேலு அம்மையைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சேலத்தில் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு தூக்கம் போய்விட்டது. எங்கெங்கோ அலைந்து கடைசியில் இந்த மலையடிவாரத்துக்கு வந்து அம்மை முன்னால் உட்கார்ந்தார். அன்று இரவு தூங்கினார். அதோடு ஊருக்குத் திரும்பவில்லை.

அம்மை ஒரு சொல் கடிந்து பேசினால் அந்தத் தூக்கம் மறுபடியும் போய்விடும் என்று அவருக்குள் ஒரு பயம் இருந்தது. அதை அவர் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மடத்துக்கு யாரோ ஒரு பக்தர் சின்னதாக ஒரு மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். வெள்ளை நிறம். சத்தமில்லாமல் ஓடும். அதை ஓட்டுவது, துடைப்பது, சார்ஜ் போடுவது எல்லாம் குழந்தைவேலுதான். ஒருமுறை யாரோ கல்யாணத்துக்கென்று இரவல் வாங்கிப்போய்ப் பக்கவாட்டில் கீறிக்கொண்டு வந்தார்கள். அப்போது அம்மை சொன்னார்: "இனிமேல் என்னைக் கேட்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள்."

அன்றிலிருந்து சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.

சித்திரை மாதம். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கீழே கடலைக்காட்டுப் பக்கமிருந்து ஒருவன் ஒரு பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடி வந்தான். மாதப்பன். மடத்துக் கூரைக்கு ஓலை வேய வந்தவன்தான், குழந்தைவேலுவுக்குத் தெரியும்.

"சாமி, எம் பொண்டாட்டி பச்சியம்மாவ பாம்பு கடிச்சிடுச்சி. வண்டிய எடு சாமி."

அவளைக் கீழே கிடத்தினான். கணுக்காலுக்கு மேலே துண்டால் கட்டியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னாயா?"

"சொல்லியாச்சி. தொலைவுல இருக்குதாம். வர நேரமாகுமாம். ஓடற வழியில உன் வண்டி கண்ணுல பட்டுச்சி."

வண்டி வேப்பமரத்தடியில் சார்ஜில் நின்றது.

"அம்மை மௌனத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் வண்டியை எடுக்கக்கூடாது."

"கேளு சாமி."

"நாலு மணிக்குத்தான் கேட்க முடியும். அப்படி நிழலில் உட்காரு. தண்ணி கொண்டுவருகிறேன்."

தண்ணீர் கொண்டுவந்தார். அதை மாதப்பன் வாங்கவில்லை. பச்சியம்மாளின் வாயோரம் நுரை கட்டியிருந்தது.

"கால்ல விழறேன் சாமி."

விழுந்தான். குழந்தைவேலு பின்னால் நகர்ந்தார். அம்மையின் அறை மடத்துக்குப் பின்புறம், பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்தார். நின்றார். "சார்ஜும் ஏறவில்லை" என்றார். அது பொய்.

மாதப்பன் எழுந்தான். சார்ஜ் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தான். பூட்டிய கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த கல்லை எடுத்துப் பின்கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கண்ணாடி கல்கண்டு மாதிரி உதிர்ந்தது. கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து, அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினான்.

"இப்ப ஓட்டு சாமி!"

சாவி இடுப்பில் இருந்தது. குழந்தைவேலுவின் கை அதன்மேல்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு உடைந்த கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது. அம்மைக்கு என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் ஓடவில்லை.

"என்னடா செய்துவிட்டாய்! மடத்து வண்டியடா இது!" என்று கத்தினார்.

கீழே ரோட்டில் தக்காளி ஏற்றிய ஒரு சின்ன வேன் போய்க்கொண்டிருந்தது. மாதப்பன் அவளை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினான்.

நாலு மணிக்கு அம்மை வெளியே வந்தார். மரத்தடியில் சிதறிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார்.

குழந்தைவேலு நடந்ததைச் சொன்னார். கண்ணாடியிலிருந்து தொடங்கினார்.

அம்மை குறுக்கிட்டார். "அந்தப் பெண்?"

"வேனில் கொண்டுபோனான்."

"எப்படி இருக்கிறாள்?"

"தெரியவில்லை அம்மா."

பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே வேனில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், உயிர் போயிருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். ஊருக்குள் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் குழந்தைவேலு அம்மை முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, நான் என்ன செய்யவேண்டும்?"

அம்மை மரத்தடியில் சில்லுகளை முறத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பட்டினி கிடக்கச் சொல்லுங்கள், கிடக்கிறேன். மடத்தை விட்டுப் போகச் சொல்லுங்கள், போகிறேன்."

"கண்ணாடி வாங்கி வாருங்கள்" என்றார் அம்மை. "நாமே மாட்டுவோம்."

புதுக் கண்ணாடிக்கு ரொம்ப நாள் காத்திருக்கவேண்டும் என்றார்கள். குழந்தைவேலு பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனார். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை ஒன்று இருந்தது. அதே மாதிரி கார் ஒன்று அங்கே முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது.

"லாரிக்கு அடியில போயிருச்சுங்க" என்றார் கடைக்காரர். "பின்னாடி மட்டும் தப்பிச்சுது."

"உள்ளே இருந்தவர்கள்?"

கடைக்காரர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். அவர் கழற்றக் கழற்ற குழந்தைவேலு பக்கத்திலேயே நின்று பார்த்து, எது எப்படி என்று கேட்டுக்கொண்டார். கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

கண்ணாடியை மாட்டுவதற்கு முன் துக்கத்துக்குப் போகவேண்டும் என்றார் அம்மை. உடைந்த இடத்தில் பாலித்தீன் தாளை ஒட்டி வண்டியை எடுத்தார்கள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தத் தாளையே பார்த்தார்கள்.

அம்மை வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார். குழந்தைவேலு வண்டிப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ஒரு கிழவி வந்து தாளை விலக்கிப் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"இதுலதான் படுக்க வச்சானா?"

அவர் தலையாட்டினார்.

"மெத்துமெத்துன்னுதான் இருக்குது" என்றாள் கிழவி. போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினார்கள். கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றவேண்டும். கைப்பிடிக்குள் இருந்த திருகாணிகளை எடுத்து, ஓரத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரின் வயரைப் பிரித்தார் குழந்தைவேலு. அம்மை பலகையை வாங்கித் திருப்பினார்.

கைப்பிடிக்குக் கீழே, பலகை நெடுக, கறுப்பாக எதுவோ வழிந்து காய்ந்திருந்தது.

"இது என்ன?" என்றார் அம்மை.

குழந்தைவேலு விரலால் தொட்டுப் பார்த்தார். மாதப்பன் உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ரத்தம் அம்மா. அவன் கை கிழிந்திருக்கிறது. அன்றைக்கு நான் பார்க்கவேயில்லை."

"துடையுங்கள்."

ஈரத்துணியால் துடைத்தார். சீக்கிரம் போகவில்லை. நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது.

கதவின் வயிற்றுக்குள் கண்ணாடித் துண்டுகள் நிறைந்து கிடந்தன. கையை விட்டு அள்ளி அள்ளி முறத்தில் போட்டார். முடிந்தது என்று நினைத்துக் கதவை அசைத்தால் உள்ளே எங்கோ கலகலவென்றது. மறுபடியும் கையை விட்டார். விரலெல்லாம் கீறல்.

"கையுறை போட்டுக்கொள்ளுங்கள்."

"வேண்டாம் அம்மா."

"போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ரத்தத்தையும் யார் துடைப்பது?"

போட்டுக்கொண்டார்.

வாங்கிவந்த கண்ணாடியைப் போர்வையிலிருந்து எடுக்கும்போது மேட்டில் ஆள் ஏறிவருவது தெரிந்தது. மாதப்பன். மொட்டை அடித்திருந்தான். வலது முன்கையில் கட்டுப் போட்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் நின்று அம்மையைக் கும்பிட்டான்.

குழந்தைவேலு கண்ணாடியை மறுபடியும் போர்வைமேல் வைத்தார். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"சாமி, போலீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்றான் மாதப்பன்.

"என்ன?"

"மடத்து வண்டிய உடச்சிட்டனே. கேஸு குடுத்திருந்தா சொல்லிடுங்க. பாப்பாவ எங்கக்கா ஊட்ல உட்டுட்டு நானே போயிடறேன். ஊட்டாண்ட போலீஸ் வந்தா புள்ள பயந்துக்கும். அம்மாவ எங்கன்னு வேற கேட்டுக்கினே இருக்குது."

 

"கேஸ் இல்லை" என்றார் அம்மை. "யாரும் வரமாட்டார்கள்."

மாதப்பன் நம்பாதவன்போல நின்றான். பிறகு கதவைப் பார்த்தான். பிரித்துப் போட்ட பலகையையும் முறத்தில் குவிந்திருந்த சில்லுகளையும் பார்த்தான்.

"இதுக்கு ரெண்டு ஆள் பிடிக்கணும்" என்று சொன்னார் அம்மை. "என் கையில் பலமில்லை. உன் கை முடியுமா?"

"இடது கை முடியும்."

வந்து பிடித்தான். மேலிருந்து கண்ணாடியைச் சாய்வாக இறக்கி, உள்ளே இருக்கும் கவ்வியில் உட்காரவைக்கவேண்டும். மாதப்பன் வெளிப்பக்கம் நின்றான். குழந்தைவேலு உள்ளே, பின்சீட்டில், அவள் கிடந்த இடத்தில் மண்டியிட்டுக்கொண்டு ஸ்பானரைப் பிடித்தார். நடுவில் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் மாதப்பனின் முகம் ஒரு சாண் தொலைவில் இருந்தது. குழந்தைவேலு நிமிரவில்லை. போல்ட்டையே பார்த்து முடுக்கினார்.

"மெதுவா சாமி. ரொம்ப இறுக்கினா உடைஞ்சிடும்."

அம்மை வயரைச் செருகினார். குழந்தைவேலு பொத்தானை அழுத்தினார். கண்ணாடி இறங்கியது. ஏறியது. எங்கும் உரசவில்லை.

மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அம்மையிடம் சொல்லிக்கொண்டான். இரண்டு எட்டுப் போனவன் திரும்பி வந்தான்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?"

குழந்தைவேலு வண்டியிலிருந்து இறங்கி நின்றார்.

"அன்னிக்கு நாலு மணிக்கு என்னா சாமி இருந்திச்சி?"

அவன் குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிற குரல்தான்.  பாறைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைவேலு அம்மையைப் பார்த்தார். அம்மை அவரைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லை மாதப்பா" என்றார் குழந்தைவேலு. "ஒண்ணுமே இல்லை."

மாதப்பன் அதை ஒத்துக்கொள்வதுபோலத் தலையாட்டினான். சரிவில் இறங்கிப் போனான்.

குழந்தைவேலு தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார். அம்மை தடுக்கவில்லை, தேற்றவுமில்லை. திருகாணிகளைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்த பிறகு குழந்தைவேலு கேட்டார்:

"அம்மா, நான் அன்றைக்கு வந்து உங்கள் கதவைத் தட்டியிருந்தால், கோபப்பட்டிருப்பீர்களா?"

"கோபப்பட்டிருப்பேன்" என்றார் அம்மை.

குழந்தைவேலுவிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதுபோல நிமிர்ந்தார்.

"கோபப்பட்டுக்கொண்டே வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன்" என்றார் அம்மை. "நீங்கள் ஓட்டியிருப்பீர்கள்."