கோவனின் மீசை

"குருவே, நான் நட்ட கல்லில் ஏதாவது குத்தம் இருக்குமா?" என்று கேட்டான் சாத்தன்.

சாத்தன் கல்தச்சன். நாற்பது வயதுக்கு மேல் ஞானம் தேடி மடத்துக்கு வந்தவன். எல்லாவற்றையும் துறந்தான், உளியைத் தவிர. எல்லைச் சண்டையில் இறந்த கோவனுக்கு ஊரார் நடுகல் கேட்டபோது, அவன்தான் செதுக்கிக் கொடுத்தான்.

"ஏன் கேட்கிறாய்?"

"ஊரே வந்து மாலை போடுது. அவனோட அம்மா மட்டும் தினமும் சோத்துச் சட்டியோட வர்றாங்க. கல்லைப் பாக்குறாங்க. படைக்காமலே திரும்பிடுறாங்க."

"அவளிடம் கேட்டாயா?"

"எப்படிக் கேக்குறது? எட்டு நாளா மரத்துக்குப் பின்னால நின்னு பாக்குறேன். தியானமே கூடலை."

ஞானம் தேடி வந்தவன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான்! குரு சிரிக்காமல் எழுந்து நடந்தார். சாத்தனும் பின்னால் போனான்.

ஆளுயரக் கல். ஓங்கிய வாள். காதுவரை முறுக்கிய மீசை.

"நல்ல வேலை. கோவன் இப்படித்தான் இருப்பானா?"

"நான் பார்த்ததில்லை, குருவே. வீரன்னா இப்படித்தான் செதுக்குவோம். எங்க அப்பாவும் இப்படித்தான் செதுக்கினார்."

அப்போது அந்தத் தாய் சட்டியோடு வந்தாள்.

"அம்மா, உன் மகன் எப்படி இருப்பான்?" என்றார் குரு.

இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை போல. சட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பத்தொன்பது வயசு, சாமி. மீசையே முளைக்கலை. தினமும் விளக்கெண்ணெய் தேச்சுக்கிட்டு, 'இன்னைக்காவது தெரியுதாம்மா?'ன்னு கேப்பான்."

"நீ என்ன சொல்வாய்?"

"இல்லடான்னு சிரிப்பேன். படைக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடணுமே சாமி. இது யாரோ பெரிய மனுசர் மாதிரி இருக்கு. இவர் முன்னால நின்னு என் புள்ளைய எப்படிக் கூப்பிடுவேன்?"

சாத்தனுக்கு வெட்கமாக இருந்தது. குருவைப் பார்த்தான். அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாத்தன் இடுப்பிலிருந்து உளியை எடுத்தான். முறுக்கு மீசை துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. எல்லாம் முடிந்தபின், உளிபட்ட இடம் லேசாகச் சொரசொரத்தது. அதையும் தேய்த்து வழவழப்பாக்கக் கையை நீட்டினான்.

"இரு," என்றார் குரு.

அவள் எழுந்து வந்தாள். கல்லின் மேலுதட்டை விரலால் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"தெரியுதுடா, கோவா," என்றாள். "வா, சாப்பிடு."