கஸ்பார் காத்திருந்த ஏழு நிமிடம்

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தேழு வயது, சீடருக்கு நாற்பத்தைந்து. குரு பெயர் பிலோமினா, சீடர் பெயர் கஸ்பார். சிப்பிக்கரைப் படகுச் சங்கத்தில் கணினி தெரிந்தவர்கள் எல்லோரும் பிலோமினாவிடம் கற்றவர்கள்தான். அதனால் வயதில் மூத்த கஸ்பாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார். டீச்சர் அவரை அண்ணே என்பார்.

மீன் ஏலக்கூடத்து மாடியில் சங்கத்தின் எச்சரிக்கை அறை இருந்தது. காற்று வருகிறது என்று வானிலைச் செய்தி வந்ததும் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால், கடலில் இருக்கும் எல்லா வள்ளங்களிலும் அலாரம் அடிக்கும். அந்த அறையில் இரண்டு கணினிகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. இரண்டும் வேறு வேறு கம்பெனி, உள்ளே ஓடுவதும் வேறு வேறு. கம்பெனிப் பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்கிற நீங்களும் கட்சி பிரிந்துவிடுவீர்கள். ஊர் டீக்கடையில் ஏற்கெனவே பெஞ்சு இரண்டாகிக் கிடந்தது.

எதிலிருந்து அனுப்பினாலும் அலாரம் போகும். ஆனால் ஒன்றை முன்னால் வைக்க வேண்டும். அது நின்றால் மற்றது. எதை முன்னால் வைப்பது என்று, ஒரு வாரம் இது ஒரு வாரம் அது என மூன்று மாதம் மாற்றி வைத்துப் பார்த்துக் கஸ்பார் சொல்ல வேண்டும். அவர் சொல்கிறபடியே ஒன்பது ஊர்க் கரையிலும் வைப்பார்கள். எது எப்போது நின்றது என்று எழுத ஒரு நோட்டும் கொடுத்திருந்தார்கள்.

"ஒரு பக்கம் சாயாமப் பாருங்கண்ணே," என்றார் டீச்சர்.

"நான் எந்தப் பக்கமும் இல்ல டீச்சர்."

சொல்லும்போதே அவர் கை கறுப்புக் கணினியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பாவம், பொய் சொல்லவில்லை. அவர் முதன்முதலில் கற்றது கறுப்பில். வீட்டில் இருப்பதும் அதுதான். அதை 'நம்ம பெட்டி' என்பார். வெள்ளையை 'அது' என்பார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவரும் நினைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல். நாற்பத்தொரு வள்ளங்கள் கடலில் இருந்தன. ஒன்றில் கஸ்பாரின் தம்பி மிக்கேல். மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது. அரை மணிக்குள் சூறைக்காற்று.

கஸ்பார் கறுப்பில் பொத்தானை அழுத்தினார். திரை அப்படியே நின்றுவிட்டது.

அணைத்துப் போட்டார். மெதுவாக எழுந்து வந்தது. அழுத்தினார். மறுபடியும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வடக்கு மூலை கறுத்துக்கொண்டு வந்தது. அவர் வாய், "இப்ப வந்துரும், இப்ப வந்துரும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பெட்டியின் பக்கவாட்டில் தட்டிக் கொடுத்தார்.

மாடிப்படியில் ஓடி வரும் சத்தம். டீச்சர்.

"வானம் இப்படி இருக்கு, அலாரம் போச்சா?"

"இப்ப வந்துரும் டீச்சர்."

"எது?"

"நம்ம பெட்டி."

டீச்சர் அவரைத் தாண்டிக் கையை நீட்டி வெள்ளையில் அழுத்தினார். திரையில் வள்ளங்களின் பட்டியலில், அலாரம் போய்ச் சேரச் சேர, பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அப்போது மணி மூன்று பதினேழு.

வெள்ளைக் கணினி அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கஸ்பார் அதைப் பார்த்தார். மூன்று மாதத்தில் அன்றுதான் முதன்முறை பார்ப்பது போல இருந்தது அவருக்கு.

ஐந்து மணிக்குள் நாற்பது வள்ளங்கள் கரை ஏறின. மிக்கேலின் வள்ளம் வரவில்லை.

கரையில் மழை அடித்து ஊற்றியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மிக்கேலின் மனைவி ரெஜினா கஸ்பாரிடம் வந்து நின்றாள்.

"அலாரம் எப்ப அத்தான் போட்டிய?"

அவ்வளவு பயத்தைக் கஸ்பார் வாழ்க்கையில் அறிந்ததில்லை. கடலைப் பார்க்கவும் பயம், அவள் முகத்தைப் பார்க்கவும் பயம்.

"போட்டாச்சும்மா," என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

ஆறரைக்கு வள்ளம் வந்தது. என்ஜின் செத்துப்போய், பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று கட்டி இழுத்து வந்தது. மிக்கேலின் இடது கை துணியில் சுற்றிக் கிடந்தது. ரெஜினா அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அலாரம் கேட்டப்பவே காத்து மேல ஏறிட்டுண்ணே," என்றான் மிக்கேல். "கயித்துல கை சிக்கிருச்சு. ஒரு அஞ்சாறு நிமிசம் முந்திக் கேட்டிருந்தா வலைய வாரிட்டு வந்திருப்போம்."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் சொன்னான்.

மறுநாள் காலை கஸ்பார் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. கையில் நோட்டு.

"முடிவு பண்ணிட்டேன் டீச்சர். வெள்ளைய முன்னால வைப்போம். கறுப்பத் தூக்கிக் கடல்ல போடணும்."

டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"மூணு மாசத்துல கறுப்பு எத்தனை வாட்டி நின்னிருக்கு?"

"நேத்தோட நாலு."

"வெள்ளை?"

கஸ்பார் தயங்கினார். "ஒம்பது."

"போன மாசம் பன்னண்டாந்தேதி காத்துச் செய்தி வந்திருக்கு. அன்னைக்கு முன்னால எது இருந்துச்சு?"

"வெள்ளை. அது முறை வாரம்."

"நின்னிருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. சரியான நேரத்துல கழுத்தறுத்துட்டு."

"அலாரம் போக எவ்வளவு நேரமாச்சு?"

"அர நிமிசம் கூட ஆகல. அது நின்ன உடனே கறுப்புக்குத் தாவிட்டேனே."

"தட்டிக் கொடுக்கலியா?"

"அதையா? எதுக்கு? எப்படியும் நிக்கும்னு தெரியுமே."

சொல்லி முடித்தபின்தான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. டீச்சர் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

கஸ்பார் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை சங்கத்துல கேப்பாங்க. ஒம்பது ஊரு உசுரு டீச்சர். எதை முன்னால வைக்கச் சொல்ல?"

"ஒவ்வொரு ஊர்லயும் அந்த நாற்காலில உக்காரப் போறவரைக் கேளுங்கண்ணே," என்றார் டீச்சர். "எது நின்னா அவருக்கு மனசு நோகாதோ, அதை முன்னால வைங்க."